வஸ்தாதின் தண்ணீர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கலர் மீன் கடை மனோகரன் என்று கேட்டால் எண்ணூர் வரைக்கும் கை காட்டுவார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய முதுகு இது. அந்த முதுகின் மேல்தான் இந்தக் கடையைக் கட்டினேன். ஒரு பைசா யாரும் கொடுத்ததில்லை, ஒரு யோசனை யாரும் சொன்னதில்லை. தொட்டித் தண்ணீரைச் சோதிக்கிற மருந்துப் பெட்டியில் இங்கிலீஷில் ஒரு தாள் வரும். அதை என் மகள் ஒரே ஒரு தடவை படித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அந்தத் தாளைத் தொட்டதே இல்லை. மருந்து விட்டதும் மாறும் நிறத்தைப் பார்த்தால் போதும், தண்ணீர் கொண்டுவந்தவர் வீட்டில் மீனுக்கு எத்தனை வேளை தீனி போடுகிறார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன்.

என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது பெரிய புத்தகம் ஆகிவிடும். இது செங்கொடியைப் பற்றி.

செங்கொடி விம்கோ நகரில் பிறந்தவள். அப்பா தொழிற்சாலையில் யூனியன் ஆள். வேலை நிறுத்தம் நடந்த சமயத்தில் பிறந்ததால் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். மீன் என்றால் குழம்பில் கிடப்பது என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக் கோதண்டத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கோதண்டம் கடலுக்குப் போகிறவன். கல்யாணமான புதிதில் அவள் கத்தியைப் பிடித்த அழகைப் பார்த்துக் குப்பமே சிரித்ததாம். இன்றைக்குத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் சுறா, திருக்கை என்று எது வந்தாலும் அவள் பலகைக்குத்தான் போகும். உப்புத்தாள் மாதிரி இருக்கும் சுறாத் தோலை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, பத்து நிமிடத்தில் வெள்ளையாக எடுத்து வைத்துவிடுவாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேசும்போதும் எதையாவது துடைத்துக்கொண்டே பேசுவாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு மீன் தொட்டி. மகள் நர்மதா கல்லூரியில் படிக்கும்போது என் கடையில் விரல் நீளத்துக்கு இரண்டு ஆஸ்கர் மீன் வாங்கிப் போனாள். அதில் ஒன்று அடுத்ததை முட்டி முட்டித் தள்ளும். பயில்வான் மாதிரி முட்டுவதால் அதற்கு வஸ்தாது என்று பெயர் வைத்தாள். இப்போது அது ஒரு சாண் நீளம். கண்ணாடியில் விரல் வைத்தால் ஓடி வந்து முறைக்கும். மார்க்கெட்டில் பக்கத்துப் பலகைக்காரிகள் செங்கொடியை விடமாட்டார்கள்.

“காலைல வெட்டிகினு கெடக்குற, சாயந்தரம் வூட்டுக்குப் போய் கொஞ்சிகினு கெடக்குற. உனுக்கு எந்த மூஞ்சிடி மெய்யாலும் மூஞ்சி?”

“வெட்றது வவுத்துக்கு, கொஞ்சுறது என் பொண்ணுக்கு. உனுக்கு இன்னா பேஜாரு?” என்பாள் செங்கொடி.

நர்மதாவை விசாகப்பட்டினத்தில் கொடுத்தார்கள். முதல் கர்ப்பம் தங்கவில்லை. அது கலைந்த அதே வாரம் இங்கே தொட்டியில் வஸ்தாதின் ஜோடி செத்து மிதந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொன்னாலும் செங்கொடி தலையை ஆட்டுவாள், ஆனால் நம்பமாட்டாள். இப்போது நர்மதா மறுபடியும் உண்டாகி, மாதம் ஏறி, மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர இருந்தாள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். எடுத்ததும் கேட்பது, “வஸ்தாதக் காட்டு.” மகள் வந்து இறங்கும்போது அந்த மீன் உயிரோடு இருக்க வேண்டும். செங்கொடிக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு சாயங்காலம் காற்று திரும்பியது. எந்தக் கம்பெனியிலிருந்து கசிந்த கேஸோ தெரியாது, கண் எரிந்து தொண்டை கமறியது. குப்பத்தில் எல்லோரும் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். மறுநாள் வஸ்தாது தீனியைத் தொடவில்லை. செங்கொடி மார்க்கெட்டிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள்.

“அண்ணாத்த, அந்தக் கேஸு தொட்டித் தண்ணியில எறங்கி இருக்குமா?”

“ஒரு நாள் துன்னலைன்னா கேஸுன்னு அர்த்தமா? நீ ஒரு நாள் பட்டினி கெடந்ததே இல்லியா?”

“வெளாடாத அண்ணாத்த. பாக்குறதுக்கு மருந்து விப்பியாமே. அத்தக் குடு.”

கொடுத்தேன். எப்படிப் பார்ப்பது என்றும் சொன்னேன். கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் தொட்டித் தண்ணீர். இந்த பாட்டிலில் இத்தனை சொட்டு, அந்த பாட்டிலில் இத்தனை சொட்டு. நன்றாகக் குலுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தி, வெளிச்சத்தில் அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் மீன் கழிவில் ஊறுகிற அம்மோனியா இல்லை, நிம்மதியாகத் தூங்கலாம். பச்சை ஏற ஏற விஷம். அவள் அங்கேயே இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். புத்திசாலி. நான் சொல்லிக்கொடுத்தால் அப்படித்தான் ஏறும்.

மறுநாளே வந்து நின்றாள். முகம் கறுத்திருந்தது.

“பச்சை. அட்டையில கடைசிக் கட்டத்துல கீற பச்சை.”

“கால் பங்கு தண்ணிய மாத்து.”

கால் பங்கு என்றால் செங்கொடிக்குப் பாதி. மாற்றியும் பச்சை. அடுத்த நாள் முழுவதும் மாற்றினாள். அப்போதும் பச்சை. பில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துக் கசக்கினாள். அடியில் கிடந்த கூழாங்கல்லைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். லாரித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டு வந்து ஊற்றினாள். எல்லாம் செய்துவிட்டுச் சோதித்தால் மறுபடியும் பச்சை. வஸ்தாது நிறம் செத்து, ஒரு மூலையில் சாய்ந்து கிடந்து, செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் கோதண்டம் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“நைனா, நீ இன்னா மருந்து வித்தியோ தெரியல, வூடு பூரா ஈரம். கால வெச்சா வழுக்குது. ராவுல எழுந்து எழுந்து தொட்டியாண்ட போய் நிக்கிறா. நாளைக்கு அவளே உள்ள எறங்கிடுவா போல.”

“தண்ணிய எடுத்துகினு வரச் சொல்லு. நான் பாக்குறேன்.”

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் தொட்டித் தண்ணீர் கொண்டு வந்தாள். மூடியை அவள் திறக்குமுன் நானே வாங்கிக்கொண்டேன். என் கடையில் வைத்து, என் குழாயில், என் கையால் சோதித்தேன். எலுமிச்சம்பழ மஞ்சள். அம்மோனியா துளியும் இல்லை.

செங்கொடி அட்டையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“உன் மருந்து பழசு அண்ணாத்த.”

இத்தனை வருடத்தில் என் கடை வாசலில் நின்று யாரும் அப்படிச் சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற இரண்டு மருந்தையும் எடுத்துப் பார்த்தேன். நைட்ரைட் இல்லை, நீலமாகவே நின்றது. நைட்ரேட்டும் இல்லை. அதுதான் எனக்கு உதைத்தது.

“இங்க பாருமே. சாணு நீளத்துக்கு ஒரு மீனு துன்னு, கழிஞ்சிகினு கீற தொட்டி இது. நைட்ரேட்டு ஆரஞ்சாவாவது வரணும். ஒண்ணியும் வரல. இது தொட்டித் தண்ணியே இல்ல. காலைல புடிச்ச புதுத் தண்ணி.”

“மாத்திகினே கீறேன்ல. அப்புறம் எப்டி இருக்கும்?”

“அதான் தப்பு. ஹார்பர்ல கப்பல்லேர்ந்து சரக்கு எறக்குறதுக்கு ஒரு கேங்கு, அத்தக் குடோனுக்குத் தூக்குறதுக்கு ஒரு கேங்கு. ரெண்டும் இருந்தாத்தான் கப்பல் காலியாவும். உன் தொட்டியிலயும் கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க ரெண்டு கேங்கு கீது. மொத கேங்கு அம்மோனியாவ எறக்கி நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷந்தான். ரெண்டாவது கேங்கு அத்த நைட்ரேட்டாக்கி அடுக்கும். அதுல பயமில்ல, வாரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் தண்ணிய மாத்துனா போயிடும். ரெண்டு கேங்கும் குடியிருக்கிறது அந்தப் பஞ்சுலதான். நீ அத்தக் குழாத் தண்ணில கசக்கி, அதுல கீற குளோரினால மொத்தப் பேரையும் வூட்டுக்கு அனுப்பிட்ட.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் செங்கொடி பாட்டிலை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எல்லாம் சரி. என் வூட்டுல எப்டி பச்சை வருது? நீ இங்க குந்திகினு மஞ்சாவப் பாக்குற. அங்க என் மீனு சாவுது.”

பதில் சொல்லாமல் ஒரு வாடிக்கையை அனுப்பிய பழக்கம் எனக்கு இல்லை. மத்தியான வியாபாரம் போனால் போகட்டும் என்று ஷட்டரை இழுத்துவிட்டு, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் பக்கம் விட்டேன். வழியெல்லாம் டேங்கர் லாரி. பின்னால் உட்கார்ந்தவள் கை ஸ்டெப்னி டயரைத் தட்டிக்கொண்டே வந்தது.

வீட்டு மாடியில் வலை விரித்து, உப்புப் போட்ட பால்சுறாத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாக் கருவாடு கொடுப்பது வழக்கம். மகளுக்கென்று நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, தினமும் காலையில் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் போட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கீழே வரைக்கும் அந்த வாடை இருந்தது.

வஸ்தாதைப் பார்த்தேன். பிழைக்குமா என்று கேட்டால் சொல்லத் தெரியாத நிலைமை. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“உன் மருந்த எடு. உன் குழாய எடு. எப்பிடிப் பாப்பியோ அப்பிடியே பாரு. நான் பக்கத்துல என்னுதுல பாக்குறேன்.”

ஒரே தொட்டித் தண்ணீர். அவள் மருந்தையே நானும் ஊற்றினேன். அவள் குழாய்க்கு மூடி இல்லை.

“மூடி எங்கமே?”

“மொத நாளே ஜலதாரைல விழுந்துடுச்சி.”

கட்டை விரலால் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு நன்றாகக் குலுக்கினாள்.

“அந்த மருந்து கையில படக்கூடாதுன்னு சொன்னனே.”

“சுறாத் தோலு கிழிக்காத கையி. இதுவா கிழிக்கப் போவுது?”

இரண்டு குழாயையும் ஜன்னலில் நிறுத்தினோம். கோதண்டம் வலைக்கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றான். என்னுடையது மஞ்சளாகவே நின்றது. அவளுடையது பார்க்கப் பார்க்கப் பச்சை ஏறி, அட்டையின் கடைசிக் கட்டத்துக்குப் போனது.

“ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கண்ணு அவிஞ்சி போச்சி” என்றான் கோதண்டம்.

நான் ஜன்னலை முழுசாகத் திறந்தேன். திரும்பவும் பார்த்தேன். மஞ்சள் மஞ்சள்தான், பச்சை பச்சைதான். வியர்த்தது. அட்டையைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன், அதனால் என்ன ஆகப்போகிறது. கடைசியில், குடிக்கிற கேன் தண்ணீரை எடுத்து அதில் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். செங்கொடி குழாயைக் கழுவி, கேன் தண்ணீரைப் பிடித்து, சொட்டு விட்டு, விரலால் அடைத்துக் குலுக்கி வைத்தாள். அதுவும் பச்சை.

“அடிப்பாவி, இத்தத்தான் நாம குடிச்சிகினு கீறோம்” என்றான் கோதண்டம்.

செங்கொடி சிரிக்கவில்லை. தன் கட்டை விரலைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டு போனாள்.

“சுறா” என்றாள்.

சுறா இறைச்சி வெட்டி வைத்தால் நேரம் ஆக ஆக மூக்கில் ஏறுகிற நெடி வரும். அது அம்மோனியாதான். மீன் விற்கிற எல்லோருக்கும் அந்த நெடி தெரியும், ஐஸ் கம்பெனியில் கண்ணில் தண்ணீர் வரவைப்பதும் அதுதான். மாடியில் பால்சுறாவைத் திருப்பிப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கீழே வந்து மகளின் மீனுக்குத் தண்ணீர் பார்த்திருக்கிறாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கையிலிருந்து சுறா போகாது. குழாயில் தெரிந்தது தொட்டித் தண்ணீர் இல்லை, அவள் விரல்.

செங்கொடி தரையில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமில்லாத தண்ணிய மாத்தி மாத்தி, நல்லா இருந்தத நானே சாவடிச்சிகினு இருந்தனா அண்ணாத்த?”

“இன்னும் சாவல” என்றேன். “இனிமே நீ தொடாம இருந்தா சாவாது.”

அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை யாராலும் கொடுக்க முடியாது. சாயங்காலமே என் கடையில் பழைய தொட்டி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த பில்டர் பஞ்சை ஈரம் காயாமல் எடுத்துக்கொண்டு போய் அவள் தொட்டியில் வைத்தேன். என் கேங்கு, வேலை தெரிந்த ஆட்கள். குளோரினை முறிக்கிற சொட்டு மருந்தும் விட்டேன். தீனியை நிறுத்தச் சொன்னேன். ஒரு தம்ளர் தண்ணீர்கூட அவள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று கோதண்டத்தைக் காவல் வைத்தேன்.

மறுநாள் கடை திறக்குமுன் வாசலில் நின்றாள். கையில் பிளாஸ்டிக் பை சுற்றி, அதன் மேல் ஊறுகாய் பாட்டிலைப் பிடித்திருந்தாள். நான் பார்த்தேன். இந்தத் தடவை என் குழாயிலேயே லேசாகப் பச்சை.

“பாரு, வந்துடுச்சி. நான் சொல்லல? போய் மாத்திடறேன்.”

“குந்து. இது மெய்யான பச்சை. நீ பஞ்சக் கசக்குனதால வந்தது. அட்டையில மொத கட்டந்தான். இதுக்கு மீனு சாவாது, நீ மாத்துனாத்தான் சாவும். நாளைக்கு வா.”

“நாளைக்கு வரைக்கும் நான் இன்னா பண்றது?”

“மீனு வெட்டு.”

தினமும் வந்தாள். பச்சை வெளுத்து, நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. அன்றைக்கு மட்டும் நானே போய்க் கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு வந்தேன். அவள் பக்கத்தில் நின்று, புடவை முனையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள். இடையில் நர்மதாவின் போன் வேறு. “தூங்குறான்” என்று ஒரு நாள். “கரண்டு இல்ல, இருட்டா கீது” என்று இன்னொரு நாள். நான் தொட்டியருகில் இருந்த அன்றைக்கு நர்மதா குரல் மாறியது.

“அம்மா. செத்துட்டானா? பொய் சொல்லாத, சொல்லிடு.”

செங்கொடி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போனைத் திருப்பிக் கண்ணாடியருகில் பிடித்தாள். வஸ்தாது மூலையில் நிமிர்ந்து நின்று, செவுளை மெதுவாக அசைத்தது.

“நிக்கிறான்ல. கொஞ்சம் மேலுக்கு முடியல, அவ்ளதான்” என்றாள்.

“நான் வர்ற வரைக்கும் பாத்துக்க” என்றாள் நர்மதா.

நைட்ரைட் குழாய் திரும்ப நீலத்துக்கு வந்து, நைட்ரேட் ஆரஞ்சு காட்டிய அன்று நான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். செங்கொடி டீயைத் தொடவில்லை. “துன்றானான்னு பாத்துட்டு வந்து குடிக்கிறேன்” என்று ஓடினாள். உரித்த இறால் ஒன்றைக் கோதண்டம் கையால் போடவைத்திருக்கிறாள், தன் கையை நம்பாமல். வஸ்தாது பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரே பாய்ச்சலில் விழுங்கியதாம். கோதண்டம் போன் போட்டு, “நைனா, என் வெரலயும் சேத்து இஸ்துச்சி” என்றான்.

நர்மதா வந்த அன்று நானும் போயிருந்தேன். ஆரத்தி எடுத்து முடிக்கும் வரைக்கும்கூட அவளால் பொறுக்க முடியவில்லை. கை நிறைய வளையல் குலுங்க நேராகத் தொட்டியருகில் போய் விரல் வைத்தாள். வஸ்தாது வந்து கண்ணாடியில் ஒரு முட்டு முட்டியது.

“இளச்சிட்டான்” என்றாள்.

“நீ இல்லாத ஏக்கம்” என்றாள் செங்கொடி, என்னைப் பார்க்காமல்.

“வூடெல்லாம் இன்னாம்மா இவ்ளோ சுறா நாத்தம்?”

கோதண்டம் வாயைத் திறந்தான். செங்கொடி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவள் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

அத்தோடு அவள் நடை நின்றுவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலை கடை வாசலில் நின்றாள். கையில் பாட்டில் இல்லை.

“தெனமும் பாக்க வாணாம்னு சொன்னேன்ல.”

“தண்ணிக்கு இல்ல அண்ணாத்த. வஸ்தாது நல்லா கீறான்.” அலமாரிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். “நர்மதாவுக்குக் கால் வீங்கி கீது. ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம். ரத்தம் எடுப்பாங்க, ஒண்ணுக்கு எடுப்பாங்க. அதுலயும் இதுமாரி மருந்து ஊத்திக் கலருதான பாப்பாங்க?”

“அந்த மாதிரிதான்.”

“அங்க யாரு குலுக்குவாங்க?”

எந்தத் தண்ணீரைக் கொண்டு வந்தாலும் பதில் சொல்கிறவன் நான். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன்.

“கையில உறை போட்டுகினு, மூடி போட்டுத்தான் குலுக்குவாங்க. நீ கூட மட்டும் நில்லு.”

தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினாள். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏறாமல் திரும்பி வந்து, என் கடைக் குழாயைத் திறந்து, சோப்பு எடுத்து, விரல் விரலாக இன்னொரு தரம் கழுவிக்கொண்டு போனாள்.